தனியா போட்ட கண்ணாடி

ராத்திரி எட்டு, எட்டரை இருக்கும். ஊரைத் தாண்டி ஒரு ரோடு. புது பைபாஸ் வந்தப்புறம் அந்தப் பக்கம் ஒருத்தனும் போறதில்ல. ரெண்டு பக்கமும் பொட்டல். விளக்குக் கம்பம் இருக்கு... விளக்கு கிடையாது. அந்த ரோட்டோரத்துல ஒரு பழைய எடைமேடை. லாரிய ஏத்தி எடை போடுவாங்களே, அது. மெஷினை எல்லாம் எப்பவோ கழட்டிட்டுப் போயாச்சு. மேல தகரக் கொட்டகை மட்டும் மிச்சம். அதுக்குக் கீழ ஒரு வேன் நிக்குது. முன்கண்ணாடி இல்லாம... வாயப் பொளந்துக்கிட்டு.

ஏம்ப்பா, அந்த குடோன் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கு, சாரல் அடிக்குது. கரண்ட் இப்ப வராது. சரக்கு லாரியும் இப்ப வராது. நீங்க எல்லாம் ஆளுக்கொரு பேய்க்கதை சொல்லிட்டீங்க. வெள்ளைத் துணி, விரிச்ச முடி, தரையில படாத காலு... கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. பேய்க்கு வேற வேலையே கிடையாதா? நான் சொல்றது வேலை தெரிஞ்ச பேயைப் பத்தி. வாயை மூடிட்டுக் கேளுங்க.

என்கூட முன்ன ஒரு வெல்டர் வேலை பாத்தான். அவனோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. வெல்டருக்கு அவரு மாமா. எங்களுக்கு அவரு 'மேதை'. நாங்க வெச்ச பேரு தான்.

ஏன்னா அவருக்குத் தெரியாத தொழில் உலகத்துலயே கிடையாது. குழாய் ரிப்பேருக்கு வந்தவனுக்குக் குழாய் சொல்லிக் குடுப்பாரு. பல் டாக்டர்கிட்ட போனா, வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே பாடம் எடுப்பாரு. ஆனா கை வெச்ச வேலை ஒண்ணாவது உருப்பட்டிருக்கணுமே! வீட்டு ஃபேனை ஐயா சரி பண்ணினாரு... அன்னையிலேருந்து அது சுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை முனகிட்டு தான் சுத்தும். கேட்டா, "கம்பெனில பண்ணின தப்பு"ம்பாரு. அவருகிட்ட மட்டும் தப்பே வராது.

இந்த மேதை ஒரு பழைய வேன் வாங்கினாரு. வாங்கின நாள்லேருந்து ஒழுகல். முன்கண்ணாடியச் சுத்தி ரப்பர் இருக்குமில்ல, அது காஞ்சு வெடிச்சுப் போச்சு. மழை வந்தா டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல சொட்டும். அந்த சீட்டுல உக்கார்றது யாரு... அவரு பொண்ணு. சின்னப் புள்ள. அப்ப தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சது. அந்த மழைக்காலம் பூரா ஈர சீட்டுல உக்காந்து உக்காந்து நெஞ்சு நிறைய சளி. கடைசியில ஆஸ்பத்திரில சேக்கற அளவுக்கு ஆயிடுச்சு.

மேதை என்ன செஞ்சாரு? எங்க சொட்டுதோ அங்க பசைய அப்பினாரு. திரும்ப சொட்டுச்சு. அதுக்கு மேல இன்னும் அப்பினாரு. "மாமா, தண்ணி நுழையற இடம் மேல. ரப்பருக்குள்ளயே ஓடி வந்து கீழ வேற இடத்துல சொட்டுது. சொட்டற இடத்துல பூசி என்ன பிரயோஜனம்?"னு வெல்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டான். "நீ இரும்பு கேட்டுக்குக் கீல் ஒட்டறவன். இது கண்ணாடி சமாச்சாரம். ஒதுங்கு"ன்னு சொல்லிட்டாரு. பசை மேல பசை ஏறி, வேன் கண்ணுல பீளை கட்டின மாதிரி ஆகிப் போச்சு.

புள்ள ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்துச்சு. வெல்டரோட அக்கா அதைக் கையோட கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுச்சு. சண்டை போடல, கத்தல. "அந்த ஒழுகலை நிறுத்திட்டு வந்து கூப்பிடுங்க, வரோம். இல்லைன்னா நீங்களும் உங்க வேனும் குடும்பம் நடத்துங்க." அவ்வளவு தான் சொன்னது.

அப்ப தான் அந்த ஆளுக்கு உறைச்சது. எத்தனை திட்டினாலும் ஒண்ணை ஒத்துக்கணும்... பொண்ணு மேல உசுரையே வெச்சிருந்தாரு. புள்ள இல்லாத வீட்டுல அதோட குட்டிச் செருப்பை எடுத்துத் துடைச்சுத் துடைச்சு வெச்சிட்டிருந்தாராம். எனக்கே அதைக் கேட்டப்ப கொஞ்சம் பாவமா இருந்துச்சு. ரொம்ப இல்ல... கொஞ்சம்.

புது ரப்பர் வாங்கினாரு. கடைக்காரன் சொல்லியிருக்கான், "வண்டியக் கொண்டாந்து விடுங்க, எங்க பசங்க ரெண்டு பேர் மாட்டிக் குடுப்பாங்க"ன்னு. மேதை சிரிச்சாராம். "கயிறு இழுக்கறதுக்கு ரெண்டு பேரா?"

அந்த வேலை எப்படின்னு தெரிஞ்சுக்கோங்க, அப்ப தான் கதை புரியும். கண்ணாடியச் சுத்தி ரப்பரை மாட்டணும். ரப்பரோட உள்பக்கம் காடி மாதிரி ஒரு பள்ளம் ஓடும், அதுல ஒரு கயிறைச் சுத்தி ஓட்டிடணும். ரெண்டு நுனியும் வண்டிக்குள்ள தொங்கும். சோப்புத் தண்ணி தடவி, கண்ணாடிய வெளியிலேருந்து சட்டத்துல சாத்தி வெச்சா, ஒருத்தன் உள்ள உக்காந்து கயிறை உருவணும். கயிறு வர வர, ரப்பர் உதடு தகர விளிம்பைக் கவ்விக்கிட்டே போகும். வெளிய இன்னொருத்தன், கயிறு வர்ற இடத்துலயே உள்ளங்கையால தட்டி அழுத்திக்கிட்டே வரணும். உள்ள இருக்கறவன் இழுக்கணும், வெளிய இருக்கறவன் தட்டணும். ஒத்தை ஆளால ஆகவே ஆகாது.

அதனால வெல்டரைக் கூப்பிட்டாரு. கூப்பிட்டதும் வந்தான் அந்த அப்பிராணி. அக்காவும் புள்ளையும் வீடு திரும்பணுமே, அதுக்காக. மழை படாம இருக்க, வேனை அந்த எடைமேடைக் கொட்டகைக்குக் கீழ நிறுத்தி, சாயங்காலமே பழைய ரப்பரை அறுத்துப் பிடுங்கி, பசைய எல்லாம் சுரண்டி எடுத்தாங்க. சுரண்டினதுல ஒரு வாளி நிறைஞ்சுதாம். அப்படியே இருட்டிடுச்சு. மேதை டார்ச்சை வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டாரு. ஏறி நிக்கறதுக்குன்னு வெல்டர் ஒரு மரப்பெட்டி கொண்டாந்திருந்தான். அதையும் பிடுங்கி உள்ள போட்டு உக்காந்துக்கிட்டாரு. வெளிய நிக்கறவனுக்கு வெளிச்சமும் இல்ல, ஏறி நிக்க எதுவும் இல்ல.

"நான் 'போதும்'னு சொல்ற வரைக்கும் கண்ணாடிய விட்டுக் கை வரக் கூடாது. புரியுதா? நான் சொல்லணும். நீயா எடுத்தா தொலைச்சிருவேன்"ன்னாரு.

ஆரம்பிச்சாங்க. கீழ் விளிம்பு முதல்ல. கயிறு 'ர்ர்ரீக்'னு வரும்... வெளிய 'பட், பட்'னு தட்டு விழும். வெல்டர் கையில ஒரு இரும்பு மோதிரம், ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடியில 'டிங்'னு ஒரு சின்ன சத்தம். பட், டிங். பட், டிங். மேதை குனிஞ்சு கயிறைப் பாத்தபடியே வாயால வேலை செஞ்சாரு. "அங்க இல்லடா எருமை, இங்க." "சோறு தானே திங்கற?" அதுவரைக்கும் வெல்டர் பொறுத்துக்கிட்டான். அப்புறம் சொன்னாரு பாருங்க ஒண்ணு... "உங்க குடும்பத்துக்கே ஒரு இடத்துல நின்னு பழக்கமில்ல. உங்க அக்கா மாதிரியே தான் நீயும்."

வெல்டர் தட்டறதை நிறுத்தினான். கீழ் விளிம்பு நல்லாப் பிடிச்சிருச்சு, கண்ணாடி சாஞ்சு நிக்குது, விழாதுன்னு மட்டும் பாத்துக்கிட்டான். மெதுவா கைய எடுத்தான். பொட்டல் வழியா குறுக்க நடந்து பெரிய ரோட்டுக்குப் போயிட்டான். இவரு கவனிக்கவே இல்ல. கவனிச்சா தானே அதிசயம்!

உள்ள இவரு கயிறை இழுக்கறாரு. வரல. "ஏன்டா நிறுத்தின? தட்டு!"

ஒரு சத்தமும் இல்ல. கொட்டகைத் தகரத்துல காத்து உரசற சத்தம் மட்டும்...

"டேய், காதுல விழலையா? தட்டுங்கறேன்ல!"

தொப்.

தட்ட ஆரம்பிச்சாச்சு. தொப்... தொப்... தொப். கயிறு வழுக்கிக்கிட்டு வந்துச்சு. இதுவரைக்கும் முக்கி முக்கி இழுத்த கயிறு, வெண்ணெய்ல வர்ற மாதிரி வந்துச்சாம். "ம்ம்... திட்டினா தான்டா உனக்கெல்லாம் வேலை வருது"ன்னு இவரு ஒரே பெருமை. மோதிரச் சத்தம் இல்லைங்கறது அந்த மண்டையில ஏறல. வெளியிலேருந்து ஒரு வாடை வந்துச்சாம்... ரொம்ப நாள் மூடிக் கிடந்த தண்ணித் தொட்டியத் திறந்தா வருமே, அந்த வாடை. அதுக்கும் வெல்டரைத் தான் திட்டியிருக்காரு. "குளிச்சிட்டு வர மாட்டியா?"

டார்ச் உள்ள இருந்ததால கண்ணாடியில இவரு மூஞ்சி தான் தெரிஞ்சுது. அதுக்கு அந்தப் பக்கம் ரெண்டு உள்ளங்கை மட்டும்... வெளுத்துப் போயி, அழுத்தமா. பக்கவாட்டுல ஏறுச்சு. மூலை திரும்புச்சு. மேல் விளிம்பு. கயிறு எங்க வரப் போகுதோ, கை அதுக்கு முன்னாடியே அங்க போயி நின்னுச்சு. மேதையோட வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வேலை சுத்தமா முடிஞ்சுது. கடைசி நுனி 'டொப்'னு கையில வந்துச்சு.

மரப்பெட்டியத் தூக்கிட்டு இறங்கினாரு. இறங்கும்போது தான் அந்தப் பெரிய மூளை வேலை செஞ்சுது. வேன் உசரம். மேல் விளிம்பு ஆறடி ஆளுக்கே எட்டாது. பெட்டி இவரு கையில இருக்கு... வெளிய யாருமே இல்ல.

போன் போட்டாரு. வெல்டர் எடுத்தான். பின்னால விசில் சத்தம், "எல்லாம் உள்ள தள்ளி நில்லுங்க"ன்னு ஒரு கண்டக்டர் குரல். "நான் எப்பவோ கிளம்பிட்டேன் மாமா. பஸ்ல இருக்கேன். கண்ணாடி விழுந்துச்சா?"

"விழல. போட்டாச்சு"ன்னாரு மேதை.

"போட்டாச்சா? யாரு தட்டினா?"

இந்த இடத்துல நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வண்டிய அங்கயே விட்டுட்டு ஓடியிருப்பீங்க. நானும் தான். இவரு ஒரு நிமிஷம் அந்த இருட்டைப் பாத்தாரு. அப்புறம் தொண்டையச் செருமிக்கிட்டு சொன்னாரு. "யாரும் தட்டல. நானே தனியாப் போட்டேன்."

யாருய்யா அது, நடுவுல? "அங்க முன்ன யாராவது செத்தாங்களா"வா? இதை எவனாவது கேப்பான்னு எனக்குத் தெரியும். யாரும் சாகல. விபத்து இல்ல, கொலை இல்ல, வேன் பழைய ஓனர் இன்னும் குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. வெல்டர் எல்லாம் விசாரிச்சுட்டான். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு பொணம் வேணும். கேளு, சும்மா.

மறுநாள் மாமியார் வீட்டுக்குப் போனாரு. நல்ல நேரம், திரும்பற வழியெல்லாம் கொட்டோ கொட்டுன்னு மழை. அக்காவே முன் சீட்டுல உக்காந்து, கையால தடவிப் பாத்துச்சு. ஒரு சொட்டு இல்ல. புள்ள அம்மா மடியில உக்காந்து குதிக்குது. மேதைக்குத் தலைகால் புரியல. "தனி ஆளா போட்டேன். கண்ணாடிக் கடைக்காரனே ரெண்டு ஆள் வேணும்னான்." ஊர் வந்து சேர்ற வரைக்கும் இதே பாட்டு.

ஒண்ணு தான்... வைப்பர். கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே போகும்போது ஒரு இடத்துல 'டக்'னு ஏறி இறங்குச்சு. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்துல 'டக்'. திரும்பி வரும்போதும் அதே ரெண்டு இடம். கண்ணாடி வழவழன்னு இருக்கு, ஒண்ணும் ஒட்டியிருக்கல. ஆனா மழைத்தண்ணி மேலேருந்து ஓடி வந்து, அந்த ரெண்டு இடத்தை மட்டும் சுத்திக்கிட்டு இறங்குச்சு. அக்கா பாத்துச்சு. ரெண்டு இடமும் ஒரு உள்ளங்கை அகலம்.

அன்னைக்கு சாயங்காலம் வெல்டர் அக்கா வீட்டுக்கு வந்தான். அக்கா வைப்பர் விஷயத்தைச் சொல்லிச்சு. அவன் பஸ்லேருந்து பேசின விஷயத்தைச் சொன்னான். ரெண்டையும் சேத்துப் பாத்தாங்க. அப்புறம் வெல்டர் கேட்டான்.

"மாமா... வேலை முடிஞ்சதும் 'போதும்'னு சொன்னீங்களா?"

"யாருகிட்ட?"

"தட்டினவன்கிட்ட. நீங்க தானே சொன்னீங்க... சொல்ற வரைக்கும் கை வரக் கூடாதுன்னு."

மேதை சிரிச்சாரு. அக்கா சிரிக்கல. "ஒரு வார்த்தை தானேங்க. இப்பவே போயி வண்டி முன்னாடி நின்னு சொல்லிட்டு வந்துடுங்க. புள்ள இருக்கற வீடு"ன்னு கெஞ்சிச்சு. புள்ளைய இழுத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கெஞ்சிச்சு.

அதுக்கு அந்த மனுஷன் சொன்ன பதிலைக் கேளுங்க. இதுக்காகத் தான் நான் அவரை இன்னைக்கும் திட்டறேன். பயந்து சொல்லலைன்னா மன்னிக்கலாம். நம்பாம சொல்லலைன்னாலும் மன்னிக்கலாம். இவரு சொன்னாரு: "நான் போய் 'போதும்'னு சொன்னா என்ன அர்த்தம்? வேற ஒருத்தன் செஞ்சு குடுத்தான்னு ஆயிடாதா? அது நான் தனியாப் போட்ட கண்ணாடி."

த்தூ! ஒத்தை வார்த்தை. காசா, பணமா? நாக்கு தேஞ்சா போயிடும்? வெல்டர் எழுந்து வெளிய போயி, வாசல்ல நின்ன வேன் முன்னாடி நின்னு, அவனே சொல்லிப் பாத்தான். "போதும்பா... போதும், கைய எடு"ன்னான். கண்ணாடியில ஈரம் வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த ரெண்டு இடம் மட்டும் காஞ்சே இருந்துச்சு. வேலை சொன்னவன் சொன்னா தானே எடுக்கும்? இவன் யாரு அதுக்கு? அன்னைக்கு அங்கயே படுத்துக்கிட்டான் வெல்டர். அக்காவைத் தனியா விட மனசு வரல.

விடியற நேரம். மழை விட்டு ஓடு சொட்டுது. லேசா வெளுக்குது, ஆனா ரூமுக்குள்ள இன்னும் இருட்டு தான். மேதைக்கு முழிப்பு வந்துச்சு.

தொப்...

வாசல்ல இல்ல. ரூம் ஜன்னல்ல. கண்ணாடி போட்ட ஜன்னல், கொக்கி மாட்டி மூடியிருக்கு. வெளியிலேருந்து உள்ளங்கையால தட்டற சத்தம். தொப்... தொப். கீழ் விளிம்புலேருந்து ஆரம்பிச்சுது. பக்கவாட்டுல ஏறுச்சு. அவசரமே இல்ல. அந்தத் தண்ணித் தொட்டி வாடை வேற...

அக்காவும் எழுந்து உக்காந்துச்சு. நடுவுல படுத்திருந்த புள்ளைய அணைக்கக் கைய நீட்டுச்சு. படுக்கை வெறுமையா இருந்துச்சு.

புள்ள ஜன்னல்கிட்ட நிக்குது. முதுகு இவங்க பக்கம். ராத்திரி போட்ட சட்டை, கலைஞ்ச தலை. ரெண்டு கையும் மாறி மாறிப் போயிட்டு வருது... எட்டிப் பிடிக்கும், நெஞ்சு வரைக்கும் இழுக்கும். எட்டிப் பிடிக்கும், இழுக்கும். கையில கயிறு எதுவும் இல்ல. ஆனா ஒவ்வொரு இழுப்புக்கும் சத்தம் மட்டும் வந்துச்சு. ர்ர்ரீக்... ர்ர்ரீக். அது இழுத்த இடத்துல வெளிய தட்டு விழுந்துச்சு.

மேதை பாத்தாரு. ஒத்தை ஆளால ஆகற வேலை இல்லைன்னு அவருக்கு அப்ப தான் தெரிஞ்சுதோ என்னவோ. வெளிய தட்டற அதுக்கு, உள்ள இழுக்க ஒரு ஆள் வேணும். ஆள் கிடைச்சாச்சு.

"போதும்!"னு கத்தினாரு. நெஞ்சு கிழியற மாதிரி. பக்கத்து ரூம்ல படுத்திருந்த வெல்டர் அலறி அடிச்சிட்டு ஓடி வந்தான். இவரு ஜன்னலைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே கத்தறாரு. "போதும்ப்பா! போதும், சாமி! நீ தான் போட்ட, நான் போடல! போதும்!"

தட்டு நின்னுச்சு. அப்படியே நின்னுச்சு, பாதித் தட்டுல.

அக்கா மூச்சு விட்டுச்சு.  மேதை தரையில உக்காந்து, "வா கண்ணு... அப்பாகிட்ட வா"ன்னு ரெண்டு கையையும் நீட்டினாரு.

புள்ளையோட கை நிக்கல. எட்டிப் பிடிச்சுது, இழுத்துச்சு. ர்ர்ரீக். தலைய மட்டும் லேசாத் திருப்பி, அப்பாவைப் பாத்துச்சு. அவரை அது பொறந்ததுலேருந்து 'அப்பா'ன்னு தவிர வேற எப்படியும் கூப்பிட்டதில்ல. குரல் என்னவோ அதே பிஞ்சுக் குரல் தான். பேச்சு தான் வேலைக்கு வந்த ஆளோட பேச்சு.

"இருங்கண்ணே..."ன்னுச்சு. "இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்கு."